முனி துப்பாக்கிக்கு நான் அடித்த ஆணி

அக்கா கூப்பிட்டபோது நான் செனாவாங் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "தம்பி, இன்னிக்கு கோவிலுக்கு வந்துட்டுப் போ. வரும்போது ஒஞ் சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு வா," என்றார். கோவிலுக்குப் போகிறவன் தேங்காய் பழம் கொண்டுபோவான். என்னை டார்ச் லைட்டும் பூதக்கண்ணாடியும் திருப்புளியும் கொண்டுவரச் சொன்னது அதுதான் முதல் தடவை. குரலே சரியில்லை. மீனை வெட்டவேண்டாம் என்று மீன்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் இருபத்தொரு வருடம் மலேசிய ராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் திருகாணிகளை அளந்து, சரியானதை ஒரு தட்டிலும் தப்பானதை இன்னொரு தட்டிலும் போடுகிறேன். மனுஷனையும் அப்படித்தான் அளந்து தட்டில் போடுகிறாய் என்று என் மனைவி குறை சொல்வாள். அது உண்மைதான். முகாம் கிடங்கில் அணிவகுப்புக்கும் காட்சிக்கும் வைத்திருந்த பழைய துப்பாக்கிகள் நிறைய இருந்தன. அவற்றில் எது சுடும், எது சுடாது, எதை யார் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் பதிவேட்டில் எழுதுவது பல வருடம் என் வேலை.

செய்த இடத்திலிருந்து வந்தபடியே இருக்கும் துப்பாக்கியில் எனக்கு ஆர்வம் கிடையாது. கை வைக்கப்பட்ட துப்பாக்கிதான் கதை வைத்திருக்கும். தோளில் அணைக்கும் கட்டையின் அடி ஓர் அங்குலம் அறுபட்டிருந்தால் குட்டையான ஆளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். முன்பகுதியைச் சுற்றிக் கம்பி வரிந்திருந்தால் ஒடிந்ததைக் கட்டி வைத்ததாக எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் அது கையெறி குண்டை எய்வதற்காகப் பலப்படுத்தியது. பயிற்சிக்கென்று ஒதுக்கியதில் குழலின் பக்கவாட்டில் துளை இருக்கும், தோட்டாவைக் குத்துகிற ஊசி இருக்காது. எதை எடுத்தாலும் நான் முதலில் தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து உள்ளே பார்ப்பேன். தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. இந்த வழக்கத்தை நான் ஒரே ஒரு தடவைதான் மீறியிருக்கிறேன்.

கோவில் இருப்பது லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்தில். அங்கே செம்பனை மரங்களை அழித்து வீடு கட்டப்போகிறார்கள். முனியாண்டி கோவிலை மட்டும் ரோட்டோரத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அக்காவின் கணவர்தான் அங்கே பூசாரி. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். எழுபது தாண்டியவர். ரப்பர் இருந்தபோது பால்மரம் வெட்டினார், பிறகு செம்பனைக் குலை தள்ளினார், முதுகு போனதும் முனிக்கு விளக்கேற்ற வந்துவிட்டார்.

எங்கள் முனிக்கு வலது கையில் அரிவாள். இடது பக்கம், தோளில் சாய்ந்தபடி ஒரு துப்பாக்கி. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கம்யூனிஸ்ட் கலவரக் காலத்தில் மாமாவின் அப்பா தோட்டத்துக்குக் காவல் நின்றவர். கலவரம் ஓய்ந்து ஆயுதங்களைத் திருப்பி வாங்கியபோது அவர் வைத்திருந்தது மட்டும் எப்படியோ முனியின் தோளுக்கு வந்துவிட்டது. அது பொம்மைத் துப்பாக்கி, துரை வீட்டில் அழகுக்கு மாட்டியிருந்தது என்று ஒரு கதையும் கூடவே வந்தது. காவல் சாமிக்குக் காவல்காரன் துப்பாக்கி பொருத்தம்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

கோவிலை மாற்றுவதற்கு முன்னால் கோவில் செயலாளர் ஒவ்வொரு பொருளையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். மணியையும் சூலத்தையும் யாரும் சீந்தவில்லை. துப்பாக்கிப் படம் ஒரே நாளில் ஊரைச் சுற்றி போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை வந்து விளக்கம் சொல்லும்படி மாமாவுக்கு போன் வந்தது. இந்த நாட்டில் உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வருடக்கணக்கில் உள்ளே இருக்கவேண்டும். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஒரு விரல் ஏற்கெனவே எடுத்தாயிற்று. உள்ளே போனால் அவர் தன் காலில் நடந்து வெளியே வரமாட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நான் போனபோது கோவிலில் அக்கா, மாமா, செயலாளர் மூன்று பேரும் இருந்தார்கள். செயலாளருக்கு முப்பது வயதிருக்கும், கம்பெனியில் ஷிப்ட் வேலை. தன்னால் வந்த வினை என்று முகம் செத்துப்போயிருந்தார். ஆனாலும் மலாயில் தட்டச்சு செய்த ஒரு சூராட்டை, அதாவது கடிதத்தை, தயாராகக் கொண்டுவந்திருந்தார். முன்னாள் ராணுவப் பணியாளரான நான் இந்தப் பொருளைச் சோதித்தேன், இது சுட முடியாத அலங்காரப் பொருள் என்று உறுதி கூறுகிறேன், இதுதான் அதன் வாசகம். கீழே என் பெயரும் கையெழுத்துக்கு ஒரு கோடும் இருந்தன.

"அண்ணே, சைன் மட்டும் போட்டாப் போதும்லா. நீங்க ஆர்மிக்காரரு, ஒங்க சூராட்டுக்கு மதிப்பு இருக்கு," என்றார்.

"பாக்காமலேயா?"

"பாத்துட்டே போடுங்கண்ணே. தோட்டா போடுற எடத்துல வெறும் மரக்கட்டதான் இருக்கு. நானே பாத்தேன்."

"அது பொம்மதான் தம்பி," என்றார் அக்கா. "அதுக்கு முள்ளு வெச்சவனே நீதானே. ஒனக்குத் தெரியாததா?"

அந்த முள்ளைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். காவல் தெய்வத்தின் ஆயுதத்தை எங்கள் பக்கம் வெறும் நுனியோடு விடமாட்டார்கள். அரிவாளோ சூலமோ, நுனியில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தவேண்டும். துப்பாக்கியின் வாயில் எப்படிக் குத்துவது? வைத்த பழம் உருண்டு விழும். திருவிழா அன்று பழம் விழுந்தால் ஊரே கலங்கும். இது நடந்து முப்பது வருடம் இருக்கும், நான் ராணுவத்தில் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. "மச்சான், சாமி துப்பாக்கிக்கு ஒரு முள்ளு செஞ்சு குடு. ஒன் நேர்த்திக்கடனா இருக்கட்டும். கழுவுறதுக்குக் கழட்டி மாட்டுற மாதிரி செய்யி," என்றார் மாமா. எனக்குக் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்த நேரம். சரி என்றேன்.

லுக்குட்டில் தெரிந்த சீனர் ஒருவரின் பட்டறையில் எஃகுக் கம்பியைக் கடைந்து, குழல் வாயில் இறுக்கமாக உட்காரும் ஓர் அடைப்பும் அதன் மேல் கூரான முள்ளுமாகச் செய்தேன். சாமி பொருள் கோவிலை விட்டு வெளியே போகக்கூடாது என்பதால் ஒரு வெள்ளிக்கிழமை நானே அங்கே போனேன். கையால் சுற்றும் துளைப்பானால் குழலின் நுனியில் குறுக்கே துளை போட்டு, துருவலைத் துணியால் துடைத்தேன். முள்ளை மாட்டி, துளை வழியாக ஓர் ஆணியைச் செலுத்தி, அதன் இரண்டு தலையையும் தட்டி மடக்கினேன். கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யவில்லை. ராணுவ வேலை என்றால் ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும் மாமா என்று பெருமையாகச் சொன்னேன். மாமா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் போல்ட்டை இழுத்துப் பார்க்கவில்லை. மேலெல்லாம் சந்தனமும் குங்குமமும். சாமியைச் சோதிக்கிறவன் உருப்படுவானா என்ற பயம்தான் காரணம் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா கூப்பிட்ட அந்தச் சனிக்கிழமை, தரையில் வேட்டியை விரித்துத் துப்பாக்கியைப் படுக்கவைத்தேன். கும்பிட்டுவிட்டு போல்ட்டில் கை வைத்தேன். முப்பது வருடத்துக்கு மேலான எண்ணெயும் குங்குமமும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து வெளிப்புறம் பாறை மாதிரி இறுகியிருந்தது. அப்படி இறுகிய துப்பாக்கியின் போல்ட் இழுத்தால் வராது, சுத்தியலால் தட்டவேண்டியிருக்கும். அது சத்தமே இல்லாமல் பின்னால் வந்தது. யாரோ உள்ளே எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே தோட்டா இல்லை. செயலாளர் சொன்ன மரக்கட்டை இருந்தது. "பாத்தீங்களாண்ணே?" என்றார் அவர். பார்த்தேன். வரிசையாகத் தோட்டாக்கள் இருக்கவேண்டிய குழியை அடைத்து, அளவெடுத்துச் செதுக்கிய மரம். பார்க்கிற யாரும் பொம்மை என்றுதான் சொல்வார்கள். கிடங்கில் என் முதல் வருடத்தில் நானும் அப்படித்தான் எழுதி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். த்ரீ நாட் த்ரீ என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகள் சிலவற்றை அந்தக் காலத்தில் இந்தியாவில் காவலர்களுக்காக மாற்றினார்கள். குழலுக்குள் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களை வழித்து மழமழவென்று ஆக்கி, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும்படி குழியை மரத்தால் அடைத்தார்கள். தூரத்து எதிரிக்கு அல்ல, பக்கத்தில் வருகிறவன் மேல் சிறு ஈயக்குண்டுகளை இறைப்பதற்கு. போல்ட்டை முழுவதும் உருவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். குழல் மழமழவென்று இருந்தது. செயலாளர் பொம்மைக்கு அத்தாட்சி என்று காட்டிய மரம்தான் இது சுடுகிற துப்பாக்கி என்பதற்கு அத்தாட்சி.

குத்துகிற ஊசி இருந்தது. அதுவும் பழையது இல்லை, யாரோ கையால் ராவியது, அரத்தின் கோடு தெரிந்தது. பிறகு என் ஆணியைத் தேடினேன். நான் தட்டி மடக்கிய தலைகள் இல்லை. அந்தத் துளையில் மோட்டார் சைக்கிளில் வருகிற மாதிரி ஒரு திருகு இருந்தது. மேலே குங்குமத்தைக் குழைத்து அப்பி மறைத்திருந்தார்கள். திருப்புளியை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். முள் என் கையோடு வந்துவிட்டது.

செயலாளரைக் கடையில் தே தாரிக் டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். அவருடைய மோட்டார் சத்தம் அடங்கியதும் கேட்டேன்.

"கடைசியா எப்ப மாமா?"

அவர் முனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தீவாளிக்கு."

"எதச் சுட்டீங்க?"

"காட்டுப்பன்னிதான் மச்சான். வேற எதச் சுடப்போறேன். செம்பனைக்குள்ள கூட்டங்கூட்டமா வருது. சாமிகிட்ட பூப் போட்டு உத்தரவு கேப்பேன். வலது பக்கம் பூ வுழுந்தாத்தான் எடுப்பேன். சுட்டுட்டுத் தொடச்சி, முள்ள மாட்டி, பழங் குத்தி வெச்சிடுவேன். மொதக் கறி முனிக்குத்தான்."

"எத்தன தடவ?"

"எண்ணல. வருசத்துக்கு ஒன்னு ரெண்டு."

தோட்டா எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் எழுதவேண்டி வரும். அதற்குப் பதிலாக எனக்குக் கோபம் வந்தது. "இந்த வயசுல இது தேவையா மாமா? யாருக்காக இந்த வேல?" என்று சத்தம் போட்டேன்.

அக்கா திரும்பினார். "யாருக்காகவா? தீவாளிக்கு வர்றேன்னு போன் போட்டா, பன்னிக்கறி உண்டாக்கான்னு மொதல்ல கேக்குறது யாரு?"

கேட்பவன் நான்தான். ஒரு தீபாவளியன்று அக்கா வீட்டில் கறியைக் கடித்தபோது பல்லில் நறுக்கென்றது. எடுத்துப் பார்த்தால் மிளகைவிடச் சின்னதாக ஓர் ஈயக்குண்டு. "கல்லு போல, துப்பிடு," என்றார் மாமா. கண்ணி வைத்துப் பிடித்த பன்னி என்றுதான் எப்போதும் சொல்வார்கள். கண்ணியில் மாட்டிய பன்னிக்குள் ஈயம் எப்படி வந்தது என்று, ஆயுதக் கிடங்கில் சோறு தின்ற நான் கேட்கவில்லை. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.

பொய் எழுத எனக்கு மனசு வரவில்லை என்று நினைக்கவேண்டாம். எழுதத்தான் நினைத்தேன். பேனாவையும் எடுத்தேன். மரக்கட்டையைக் காட்டி, என் கடிதத்தையும் கொடுத்தால் நிலையத்தில் நம்பக்கூடும். ஆனால் சோதனைக்கு அனுப்பினால் அங்கே என்னைப் போல ஒருவன் முதலில் போல்ட்டை இழுப்பான். அது சத்தமில்லாமல் பின்னால் வரும். அப்புறம் மாமா தெரியாமல் வைத்திருந்தவர் இல்லை, ஆள் வைத்துப் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். ஆற்றில் போட்டுவிடலாமா என்று அக்கா கேட்டார். ஊரெல்லாம் படம் இருக்கும்போது போட்டு என்ன பயன்?

செயலாளரின் கடிதத்தைத் திருப்பிப்போட்டு, வெள்ளைப் பக்கத்தில் என் கையாலேயே எழுதினேன். இது சுடும். மரக்கட்டை இருப்பது ஏன். முள் நான் செய்தது, துளை நான் போட்டது. ஆணிக்குப் பதில் திருகு வந்திருக்கிறது. பூசாரி காட்டுப்பன்னியைத் தவிர எதையும் சுட்டதில்லை, தானாகவே ஒப்படைக்கிறார். கையெழுத்துப் போட்டு மாமாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அக்கா அழவில்லை. "ஒரு பொய் எழுதக் கை வரல இல்ல ஒனக்கு? தின்னப்ப மட்டும் வாய் நல்லா வந்துச்சு. அவரு உள்ள போனா எங்கூட்டு வாசப்படிய மிதிக்காத."

"வுடு," என்றார் மாமா. "அவன் வேலைய அவன் செய்றான்."

அதை எடுத்துக்கொண்டு ரோட்டில் போகக்கூடாது, அவர்களையே வரச் சொல்லலாம் என்று நான்தான் நிலையத்துக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை, மதியத்துக்குள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மூத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், மாமாவை மலாயில் 'பாச்சிக்', பெரியவரே என்று மரியாதையாகவே கூப்பிட்டார். மாமா கழற்றி வைத்திருந்த முள்ளிலிருந்து எலுமிச்சம்பழத்தை உருவி முனியின் மடியில் வைத்தார். பிறகு அவர்களோடு போய் வண்டியில் ஏறினார். நான் பின்னாலேயே போனேன். அன்று அவரை வெளியே விடவில்லை.

சில நாள் கழித்து ஜாமீனில் வந்தார். விசாரணை இன்னும் நடக்கிறது. என் கடிதம் இல்லாவிட்டால் அவர்கள் நிரூபிப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டிருப்பார்கள், ஆனால் அது இருப்பதால் நீதிபதி இரக்கம் காட்டக்கூடும் என்கிறார் வக்கீல். நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று கேட்டால் கையை விரிக்கிறார். மாதம் ஒரு தடவை மாமா நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். அக்கா என்னோடு பேசுவதில்லை. இந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து எனக்குப் போன் வரவில்லை.

போன மாதம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். லுக்குட் கடைத்தெருவைத் தாண்டும்போது மாமா பேசினார்.

"மச்சான், அன்னிக்கு முள்ளு வெச்சப்ப, துணிய வுட்டுத் தொடச்சியே."

"ஆமா மாமா."

"நுனில மட்டுமா தொடச்ச? கம்பில சுத்தி அடி வரைக்கும் வுட்ட. வெளிய எடுத்து மோந்து பாத்த. நான் வெளக்குக்கு எண்ண ஊத்திக்கிட்டு ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் கடிதத்தில் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். துணி அடி வரைக்கும் தடையில்லாமல் போனது. வெளியே எடுத்தபோது ஒரு பொட்டுத் துரு இல்லை. புது எண்ணெய் இருந்தது. எண்ணெய்க்கு அடியில் வெடிமருந்து எரிந்த வாடை. பொம்மைக்கு யாரும் உள்ளே எண்ணெய் போடமாட்டார்கள். போல்ட்டை இழுத்துப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை. அக்காவின் கணவரைக் கேட்டால் மரியாதை கெடும், போக்குவரவு அறுந்துபோகும் என்று பயந்தேன். வாயால் கேட்கவேண்டியதைக் கேட்காமல், இனி யாராலும் முள்ளைக் கழற்றிச் சுட முடியாதபடி ஆணியை அடித்துவிட்டு, துணியைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"தெரிஞ்சுதான் அடிச்சேன் மாமா," என்றேன்.

"எனக்கும் தெரியும். அதான் நான் அதத் தொடவே இல்ல. மச்சான் வேணாங்கிறான், வுட்டுடுவோம்னு இருந்தேன். அந்த வருசம் தீவாளிக்கு நீ வந்த. கோழிக்கறிதான் இருந்துச்சு. எலையில ஒக்காந்து, 'என்னக்கா, இந்த வருசம் பன்னிக்கறி இல்லையா'ன்னு கேட்ட." என்றார் மாமா. "சரி, இவனே ஒத்துக்கிட்டான்னு நெனச்சேன்லா. அதுக்கப்பறந்தான் ஆணிய எடுத்தேன்."

மாமா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அந்தப் பக்கம் சுற்றிப்போய்க் கதவைத் திறந்து, அவர் காலைப் பார்த்து ஊன்றும் வரை கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கதவைத் திறந்து அவரை உள்ளே கூட்டிக்கொண்டார். என் பக்கம் திரும்பாமலே சாத்தினார். அது நியாயம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.